புதுப்பிப்பு: பாலடின் 2 + சார்சரர் 4 உண்மையிலேயே ஓவரா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ரோல்பிளே விளையாட்டின் 5ஆம் பதிப்பில் (2014 விதிகள்), ஒரே கேரக்டர் பாலடின் (புனித வீரர்) கிளாஸில் 2 லெவலும் சார்சரர் (பிறவி மந்திரவாதி) கிளாஸில் 4 லெவலும் எடுக்கும் இந்த மல்டிகிளாஸ் கலவை மற்ற கேரக்டர்களை ஓரங்கட்டிவிடுமா என்பதுதான் முந்தைய இழையின் கேள்வி. ஒரே அடியில் ஆமாம், ஒரு நாள் முழுக்க இல்லை.

ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு) கணக்குக்குப் பாலடின் லெவலில் பாதி, சார்சரர் லெவல் முழுசு: 1 + 4 = 5. அதனால் 1, 2, 3ஆம் நிலைகளில் முறையே 4/3/2 ஸ்லாட்டுகள். ஆனால் கற்கும் மந்திரங்களை அந்தந்த கிளாஸ் லெவலை வைத்தே பார்க்க வேண்டும். 3ஆம் நிலை ஸ்லாட் கையில் இருக்கும், 3ஆம் நிலை மந்திரமான ஃபயர்பால் இருக்காது! பலரும் சறுக்குவது இங்கேதான். அந்த ஸ்லாட்டை ஸ்மைட்டில் (அடி விழும்போது ஸ்லாட்டைச் செலவழித்துச் சேதத்தைக் கூட்டும் பாலடின் திறன்) போட்டால் கூடுதலாக 4டி8 (நான்கு எட்டுமுகப் பகடைகள்) சேதம். கிரிட்டிக்கல் (பகடைகள் இரட்டிப்பாகும் அடி) விழுந்தால் 8டி8. டிஎம்முக்கு (ஆட்டத்தை நடத்துபவர்) வயிற்றைக் கலக்குவது இதுதான்.

இழப்பும் லேசல்ல. முழு பாலடின் 6 என்றால் ஒரு டர்னில் இரண்டு அடி, கூடவே பக்கத்தில் நிற்பவர்களின் சேவிங் த்ரோவையும் (ஆபத்திலிருந்து தப்பப் போடும் பகடை) உயர்த்தும் ஆரா. இவருக்கு இரண்டும் கிடையாது.

மல்டிகிளாஸையே தடை செய்யத் தேவையில்லை. ஒரு டர்னுக்கு ஒரு ஸ்மைட், அதுவும் போனஸ் ஆக்‌ஷனில் (டர்னில் ஒரே ஒரு முறை கிடைக்கும் கூடுதல் செயல்) என்று வையுங்கள். 2024 விதிகளும் அப்படித்தான். அதோடு லாங் ரெஸ்டுக்கு (ஸ்லாட்டுகள் திரும்பக் கிடைக்கும் நீண்ட ஓய்வு) முன் மூன்று, நான்கு மோதல்களாவது வரட்டும். 3+3 என்று பிரிப்பவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 4ஆம் கிளாஸ் லெவலில் வரும் எபிலிட்டி ஸ்கோர் உயர்வு அவருக்கு இன்னும் வந்திருக்காது.