கடலோர மாடியில் ஷீட் கூரை: எந்த ஸ்க்ரூ, எந்தத் தலை?

கேள்வி (மாடிவீடு)

நாகப்பட்டினம், கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் மொட்டைமாடி. 20 × 15 அடிக்கு ஷீட் கூரை போட வேண்டும். 0.5 மி.மீ. கலர் ஷீட், உள்ளே கால்வால்யூம் (அலுமினியம்-துத்தநாகம்) பூச்சு, ஷீட்டின் மேட்டின் உயரம் 28 மி.மீ. பர்லினுக்கு (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) 2 × 1 இன்ச் எம்.எஸ். (சாதாரண இரும்பு) டியூப், தடிமன் 2 மி.மீ. கிழக்குப் பக்கம் மறைப்புக்கு அதே டியூப்பில் 8 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு. மழைத் தண்ணீர் இறங்கும் கட்டர் அலுமினியம்.

கடையில் மூன்று வகை காட்டுகிறார்கள். மஞ்சள் ஜிங்க் ஒன்று. 'எஸ்.எஸ்.' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று ஒன்று, ஆனால் காந்தம் நன்றாக ஒட்டுகிறது. சாம்பல் நிறத்தில் பூச்சு போட்டது ஒன்று, விலை கூடுதல். எல்லா இடத்துக்கும் ஒரே ஸ்க்ரூ வாங்கிவிடலாமா? அறுகோணத் தலை, பேன் தலை (மேலே உருண்டு துருத்துவது), கவுண்டர்சங்க் (கூம்பாக உள்ளே அமர்வது) இதில் எது எங்கே?

பதில் 1 (தகடுவேலை)

ஒரே ஸ்க்ரூ ஆகாது. உங்களிடம் நான்கு தனித்தனி இணைப்புகள் இருக்கின்றன.

கூரை ஷீட்டை டியூப்பில் பிடிக்க 5.5 மி.மீ. (நம்பர் 12) செல்ஃப் டிரில்லிங் (தானே துளை போடும் ஸ்க்ரூ), அறுகோண வாஷர் தலை, கூடவே 16 மி.மீ. இ.பி.டி.எம். (ரப்பர்) வாஷர். தலையை 8 மி.மீ. நட் செட்டர் (அறுகோணக் குழி உள்ள பிட்) பிடித்துக்கொள்ளும், ஸ்டார் பிட் மாதிரி நழுவாது. முனை தாங்கும் தடிமன் ஏறக்குறைய 5 மி.மீ. வரை, உங்களுக்கு 0.5 + 2 = 2.5 தான், கவலையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: துளை முழுதாக விழுந்த பிறகுதான் மரை தகட்டில் ஏற வேண்டும். முனை இன்னும் உலோகத்துக்குள் இருக்கும்போதே மரை பிடித்தால், மரை வேகமாக முன்னே இழுக்கும், முனை அந்த வேகத்துக்கு வெட்டாது. ஸ்க்ரூ முறியும், இல்லாவிட்டால் ஷீட் தூக்கிக்கொள்ளும்.

மேட்டில் அடிப்பதாக இருந்தால் நீளம் 55 மி.மீ. பள்ளத்தில் என்றால் 25 போதும், ஆனால் தண்ணீர் ஓடுவதே அங்கேதான். மேட்டில் அடியுங்கள். டியூப்பைப் படுக்கையாக வைத்தால் 55 மி.மீ. ஸ்க்ரூவின் முனை அடிச்சுவரில் போய் முட்டும். 2 இன்ச் உயரம் வரும்படி நிமிர்த்தி வையுங்கள். வளையாமலும் நிற்கும்.

ஷீட்டும் ஷீட்டும் மேலேறும் பக்க ஓரத்துக்கு இந்த ஸ்க்ரூ கூடாது. 0.5 + 0.5 தகட்டில் பெரிய முனை போடும் துளை மரைக்குப் பிடிப்பே விடாது, சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கென்று முனை குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும் 6.3 × 22 ஸ்டிச்சிங் ஸ்க்ரூ உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்று.

சிமென்ட் போர்டுக்கு 4.8 × 38 கவுண்டர்சங்க், இறக்கை வைத்தது (விங் டிப் என்று கேளுங்கள்). இறக்கை போர்டில் துளையை அகலமாக்கிவிட்டு, இரும்பில் பட்டதும் ஒடிந்துவிடும். உங்கள் 2 மி.மீ. டியூப்பில் ஒடியும். அரை மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலில் ஒடியாது, சேனலின் துளையையும் பெரிதாக்கிவிடும். போர்டின் ஓரத்திலிருந்து 15, மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி அடிக்கவும்.

வெறும் தகட்டில் கவுண்டர்சங்க் போடாதீர்கள். கூம்புத் தலை உட்கார அரை மி.மீ. தகட்டில் ஆழம் ஏது? கிழித்துக்கொண்டு இறங்கும். தகட்டின் மேல் தலை துருத்தக் கூடாது என்றால் வேஃபர் தலை: தட்டை, அகலம்.

பதில் 2 (உப்புக்காற்று)

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் காசைப் பார்க்காமல் எல்லாவற்றையும் எஸ்.எஸ். 304-இல் வாங்குவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். மஞ்சள் ஜிங்க் பூச்சு 5 முதல் 8 மைக்ரான்தான், அங்கே நிற்காது.

பதில் 3 (பட்டறை7)

மஞ்சள் வேண்டாம் என்பது சரி. மற்றதில் உடன்பாடில்லை.

முதலில் அந்தக் காந்தம். 304 காந்தத்தில் ஒட்டாது, தலை அடித்த இடத்தில் லேசாக இழுக்கலாம், அவ்வளவே. நன்றாக ஒட்டுகிறது என்றால் அது 410 என்ற இன்னொரு ரகம். 410-ஐக் கடினமாக்கலாம், அதனால் தானே துளை போடும். துருவை எதிர்ப்பதில் 304-க்குக் கீழே. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான். உப்புக்காற்றில் 410 சிவக்கும். 304 துருவைத் தாங்கும், ஆனால் மென்மை, எஃகில் தானே துளை போடாது. 304 உடலில் கார்பன் எஃகு முனை ஒட்டிய பை-மெட்டல் ஸ்க்ரூ வருகிறது.

ஆனால் அதையும் இந்தக் கூரை ஷீட்டில் போட மாட்டேன். கால்வால்யூம் என்பது 55 சதவீதம் அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான். ஸ்டெயின்லெஸ் பக்கத்தில் உப்புத் தண்ணீர் தேங்கினால் ஸ்க்ரூ பளபளவென்று இருக்கும், துளையைச் சுற்றியிருக்கும் பூச்சு கரையும். ஸ்க்ரூ பிழைத்து ஷீட் ஓட்டையாவதில் என்ன லாபம்?

கூரைக்கும் ஸ்டிச்சிங்குக்கும் போர்டுக்கும் அந்தச் சாம்பல் நிறம்தான் சரி. பெட்டியைப் பாருங்கள்: ருஸ்பெர்ட் மாதிரிப் பல அடுக்குப் பூச்சா, உப்புத் தெளிப்புச் சோதனை 1000 மணியா, அல்லது ஆஸ்திரேலியத் தரமான ஏ.எஸ். 3566-இல் கிளாஸ் 4-ஆ. கிளாஸ் 3 கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களுக்குப் போதும், உங்களுக்கு 4. வெறுமனே சாம்பல் பெயின்ட் அடித்ததும் இதே நிறத்தில் வரும். பெட்டியில் எதுவும் எழுதாமல் இருந்தால் வாங்காதீர்கள்.

கட்டரில் 410 கூடவே கூடாது. கடினமாக்கிய உருக்கு ஈரத்தில் அலுமினியத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கிப்போகும்; ஒரு நாள் தலை மட்டும் கழன்று விழும். கட்டர் இணைப்புகளுக்கு ஸ்க்ரூவே வேண்டாம், 4 மி.மீ. அலுமினிய பாப் ரிவெட், துளை 4.1. இடையில் நியூட்ரல் சிலிகான். புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் துத்தநாகப் பூச்சை அரிக்கும். கட்டர் பிராக்கெட்டை டியூப்பில் பிடிக்க மட்டும் 304 பேன் தலை செல்ஃப் டேப்பிங் (மரை மட்டும் வெட்டும், துளை போடாது), 4.8 மி.மீ.; முன்னதாக 4 மி.மீ. துளை போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மெதுவாக.

பதில் 4 (மாடிவீடு)

தெளிவாகிவிட்டது, நன்றி. பக்கத்துக் கூரைகளில் வாஷர் பிதுங்கி ஒழுகுவதைப் பார்க்கிறேன். அது ஸ்க்ரூவின் குறையா, அடித்தவர் குறையா? புயல் காலத்துக்கு எண்ணிக்கை எப்படி?

பதில் 5 (தகடுவேலை)

பெரும்பாலும் அடித்தவர். இம்பாக்ட் டிரைவரில் அடித்தால் எங்கே நிற்கிறது என்று தெரியாது, ரப்பர் பிதுங்கி விரியும், மேடும் குழியும். ஆழ நிறுத்தி (குறித்த ஆழத்தில் நிறுத்தும் அமைப்பு) உள்ள ஸ்க்ரூ கன் வேண்டும், 5.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு அதிகபட்சம் நிமிடத்துக்கு 1800 சுற்று. அதற்கு மேல் ஓட்டினால் முனை கருகி மழுங்கும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் துளை விழாது. ரப்பர் இரும்பு வாஷரின் விளிம்பை எட்டிப் பார்க்கும் அளவில் நிறுத்துங்கள். வாஷரைச் சுற்றிவிட்டால் சுற்றுகிறது என்றால் தளர்வு. கோணலாக ஏறியதைத் திருத்த முடியாது. கழற்றி அதே துளையில் 6.3 மி.மீ. ஸ்க்ரூ போடவும்.

எண்ணிக்கை: முதல், கடைசி பர்லினிலும், இரு பக்க ஓர ஷீட்டிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று. நடுவில் ஒன்று விட்டு ஒன்று. காற்று தூக்குவது ஓரத்தையும் மூலையையும்தான், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

பதில் 6 (பட்டறை7)

இன்னொன்று. துளையிட்ட இரும்புத் தூளை அன்றைக்கே மென்மையான துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள். ராத்திரிப் பனியில் நனைந்தால் காலையில் ஷீட் முழுக்க சிவப்புப் புள்ளி. பார்க்கிறவர்கள் ஸ்க்ரூவைத்தான் திட்டுவார்கள். டியூப்பின் திறந்த முனைகளையும் தகடு வைத்து வெல்டிங் செய்து அடைத்துவிடுங்கள், உப்புக்காற்று உள்ளே போனால் துரு உள்ளிருந்து வரும்.