குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கங்க, நான் வேலூர்ல பொது சுகாதாரத்துக்கு நோட்டீஸ், ஆட்டோ மைக் அறிவிப்பு எழுதற வேலை பாக்கறேன், இப்ப குடி, அப்புறம் ஹான்ஸ், கூல் லிப் மாதிரி வாயில வெக்கற புகையிலை பழக்கம் பத்தி. போன வாரம் குடியாத்தம் பக்கம் ஒரு அக்கா, மடியில முறத்த வெச்சு பீடி சுத்திகினே எங்க நோட்டீஸ பாத்தாங்க, மண்டை ஓடு படம் போட்டது. "இத்த வூட்டுக்கு எடுத்துனு போனா எங்க வூட்டுக்காரரு என்னைத்தான் அடிப்பாரும்மா, குடிய திடீர்னு நிறுத்துனா அவருக்கு வலிப்பு வருதே, அதுக்கு இன்னா பண்றதுனு இதுல கீதா?"ன்னு கேட்டாங்க. இல்ல. எனக்கு பேச்சே வரல.

அவங்க கேட்டது நியாயம், வருஷக்கணக்கா தினமும் நிறைய குடிச்சவங்க சட்டுனு விட்டா முதல் 2, 3 நாள்லயே கை நடுக்கம், வலிப்பு, சம்பந்தமில்லாம பேசறதுன்னு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர்கிட்ட காட்டி மருந்தோட தான் நிறுத்தணும். இத சொல்லாம இத்தன நாளா பயமுறுத்திட்டு மட்டும் இருந்திருக்கோம்.

ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்பு தினத்துக்குள்ள புதுசா எழுதணும். "குடிகாரன்"ங்கற வார்த்தையே வேணாம், ஆனா "மது சார்பு நோய்"னு போட்டா யாருக்கும் புரியாது, உங்க வீட்ல மரியாதையா எப்படி சொல்வீங்க? பேர்ணாம்பட்டு, வாணியம்பாடிக்கு வீட்ல பேசற உருதுல மைக் அறிவிப்ப திருத்தி தர ஒருத்தர் வேணும். குடிய விட்டவங்க பேர் சொல்லாம குரல் மட்டும் தந்தாலும் பெரிய உதவி, இன்பாக்ஸ்ல வாங்க, சம்மதம் இல்லாம ஒரு வரி வெளிய போகாது.

யாருக்காவது இப்பவே தேவைப்பட்டா 14446, இலவச உதவி எண்.