புதுப்பிப்பு: பிரேக் ஆயில் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேனே, பிக்கப்பில் பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்று? ஆள் அகப்பட்டுவிட்டான்.

முன் சக்கரத்தின் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேய்ந்தாலும் ஆயில் மட்டம் இறங்கும்தான். ஆனால் பேட் நன்றாகவே இருந்தது. அப்புறம் பின்பக்க இடது சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே இருக்கும் வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன உருளை) ரப்பர் உறையை ஸ்க்ரூடிரைவர் நுனியால் லேசாக நெம்பியதும் உள்ளிருந்து ஆயில் வழிந்தது. பிரேக் ஷூ (டிரம்மின் உட்புறம் உரசி வண்டியை நிறுத்தும் வளைந்த கட்டை) இரண்டும் ஊறிக் கருத்துக் கிடந்தன. கழுவிப் போடலாமா என்று ஒரு சபலம். வேண்டாம், ஆயில் குடித்த ஷூ சரியாகப் பிடிக்காது.

இரண்டு பக்கமும் சிலிண்டர், ஷூ புதிது. ஆயில் தொட்டி மூடியில் எழுதியிருந்தபடி டாட் 3 ரக பிரேக் ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் ஆயிலோடு சிக்கியிருந்த காற்றை வெளியே எடுத்தேன். பெடல் கெட்டியாக நிற்கிறது. பத்து நாளாக மட்டம் அசையவில்லை.