மறு: வெப்பத் தீவா, வெக்கைத்திட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட நகரம் சூடாக இருப்பதைச் சொல்லும் urban heat island என்பதற்கு, நகரமைப்புச் சொற்பட்டியலில் "நகர்ப்புற வெப்பத் தீவு" அப்படியே இருக்கட்டும், நாளிதழ்களில் பழகிவிட்டதே என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. "வெக்கைத்திட்டு" என்று வைக்கலாம் என்கிறேன். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இனி இந்தச் சொற்கள் சுற்றறிக்கையிலும் வார்டு கூட்டத்திலும் வந்து விழும். இறுகிப்போகும் முன் ஒருமுறை பார்த்துவிடுவோம்.

> வெக்கை பேச்சு வழக்கு. அறிவியலுக்கு வெப்பம் போதாதா?

போதாது. வெயில், அனல், புழுக்கம், வெக்கை எல்லாம் நமக்கு ஒன்றல்ல. அனல் காற்றோடு வரும். புழுக்கத்தில் வியர்வை காயாது. வெயில் இறங்கிய பிறகும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அடிக்கிறதே, அதைத்தான் "வெக்கை அடிக்குது" என்கிறோம். இந்த நிகழ்வின் உயிர்நாடியும் அதுதான். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் முழுக்க வாங்கி வைத்த வெப்பத்தை இரவில் மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. ஆவியாகிக் குளிர்விக்க மரமோ ஈரமண்ணோ பக்கத்தில் இல்லை. ஏசியின் வெளிப்பெட்டிகளும் அறையின் சூட்டைத் தெருவில் கொட்டுகின்றன. ஊருக்கு வெளியே வயல்வெளி ஆறிய பிறகும் நகரம் ஆறுவதில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் லூக் ஹோவர்ட் அளந்து சொன்னதும் இதுதான். இரவில் நகரம் நாட்டுப்புறத்தைவிட 3.7 பாரன்ஹீட், அதாவது சுமார் 2 செல்சியஸ் கூடுதல். பகலில் ஒரு துளி குறைவு. (மருந்துக் கடைக்காரர்தான், மேகங்களுக்கு இன்றுவரை வழங்கும் லத்தீன் பெயர்களைச் சூட்டியவரும் அவரே. நம் குழுவில் இருக்க வேண்டியவர்.)

அடுத்து, தீவு. வெப்பநிலை வரைபடத்தில் சமவெப்பக் கோடுகள் (ஒரே வெப்பநிலை உள்ள இடங்களை இணைப்பவை) நகரைச் சுற்றி வளைந்து மூடிக்கொள்வது கடல் வரைபடத்தில் தீவு தெரிவது போல இருந்ததால் வந்த உவமை அது. வரைபடம் பார்த்தவருக்கு விளங்கும். பார்க்காதவருக்கு ஏதோ சூடான தீவு. அதோடு, சென்னை ஒரே தீவாகவும் இல்லை. தியாகராய நகர் ஒரு மாதிரி, கிண்டிக் காட்டோரம் வேறு மாதிரி, அடையாறு பிரம்மஞான சபைத் தோப்பு இன்னொரு மாதிரி. ஆற்றில் தண்ணீர் வடியும்போது அங்கங்கே தலைகாட்டுவது திட்டு. கொள்ளிடத்தில் முதலைமேட்டுத் திட்டு என்று ஊரே இருக்கிறது. தீவு என்ற பொருளும் உள்ளே இருக்கிறது, திட்டுத்திட்டாக என்ற பொருளும் இருக்கிறது. பூங்காவையும் ஏரியையும் ஒட்டிக் குளிர்ந்து கிடக்கும் இடத்தை "குளிர்த்திட்டு" என்று கூடவே சொல்லிவிடலாம். குளிர்த்தீவு என்றால் அந்தார்டிகா பக்கம் போய்விடும்.

திட்டு என்றால் வசவு அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். மே மாதம் மின்வெட்டு நேரத்தில் அந்தப் பொருளும் பொருந்தும்தான். ஆனால் மணல்திட்டு என்றால் யாரும் குழம்புவதில்லை.

வரையறை எழுதும்போது ஒன்றில் கவனம் வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் சிவப்பாகத் தெரிவது தரை, கூரை, சாலை இவற்றின் மேற்பரப்பு வெப்பம். நாம் மூச்சுவிடும் காற்றின் வெப்பம் வேறு. உள்நாட்டு வறண்ட ஊர்களில் கோடைப் பகலில் அறுவடை முடிந்த மொட்டை வயல் நகரத்தைவிடச் சிவப்பாகத் தெரிவதுண்டு. அந்தப் படத்தை மட்டும் வைத்து மரம் நட இடம் தேர்ந்தால், இரவில் தூங்க முடியாத தெரு விட்டுப்போகும். ஆகவே "தரை வெக்கைத்திட்டு", "காற்று வெக்கைத்திட்டு" என்று இரண்டு பதிவாகப் பிரித்துப் போட வேண்டும்.

அப்புறம், குளிர்கூரை (cool roof), அதாவது வெயிலில் அதிகம் சூடேறாத கூரை. கட்டடக்கலை நண்பரின் மறுப்பு நியாயமானது: நம்மிடம் கூரை என்றால் ஓலையும் கீற்றும்தான், கான்கிரீட்டுக்கு "தளம்", "மொட்டைமாடி" என்போம். பழைய மெட்ராஸ் டெரஸில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, மேலே தட்டை ஓடு பதித்ததையும் தளம் என்றே கொத்தனார்கள் சொன்னார்கள். அவர் "குளிர்தளம்" கேட்கிறார். ஆனால் இந்த ஏற்பாடு யாருக்கு அதிகம் தேவை? தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே இருப்பவர்களுக்கு. அங்கே கூரை என்ற சொல் இயல்பாகவே வழங்குகிறது. குளிர்கூரையே இருக்கட்டும்.

அதன் விளக்கத்தில் "வெயிலைத் திருப்பியனுப்புவது" என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாதிதான் சரி. வாங்கிய வெப்பத்தை உமிழவும் தெரிய வேண்டும். புதுத் துத்தநாகத் தகடு பளபளவென்று வெயிலைத் திருப்புகிறது, ஆனால் உமிழ்வு குறைவு. அதனால் தொட்டால் சுடுகிறது. வெள்ளைப் பூச்சு இரண்டையும் செய்கிறது. "எதிரொளிப்பும் உமிழ்வும் ஒருங்கே மிகுந்த கூரை" என்று திருத்தலாம். கூரைச் சூடு எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஒரு சான்று: 2010 மே மாதம் அகமதாபாதில் 46.8 பாகை செல்சியஸ் வரை போனது. அங்கே ஒரு மருத்துவமனையில் மேல்மாடியிலிருந்த பச்சிளங்குழந்தைப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிய பிறகு, வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்படும் குழந்தைகள் குறைந்தார்கள். அந்நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அவர்களுடைய ஆவணங்களைத் தமிழாக்க நேர்ந்தால் இந்த வரையறை கைகொடுக்கும்.

கடைசியாக, தெருவில் நின்று அண்ணாந்தால் வானம் எவ்வளவு தெரிகிறது என்பதைச் சொல்லும் அளவு, ஆங்கிலத்தில் sky view factor. சுற்றிலும் மறைப்பே இல்லாத வெட்டவெளியில் 1, முழுதும் மறைந்தால் 0. ஒடுங்கிய தெருவில் இருபுறமும் ஐந்து மாடி எழுந்தால் பகலில் நிழல் கிடைக்கும், ஆனால் இரவில் சுவர்களின் வெப்பம் வானுக்குத் தப்ப வழியில்லாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கே போய்வரும். வெக்கையைக் குறைக்கத் திட்டமிடுகிறவர் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். "வான்திறப்பு" என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். "வான்காட்சிக் காரணி" மட்டும் வேண்டாம்; காரணி என்றால் ஒன்றை விளைவிப்பது, இது வெறும் விகிதம்.