சோலார் வேலியைத் தாண்டுற யானை: பார்த்தவங்க சொல்லுங்க

மாந்தோப்பு, பேரணாம்பட்டு பக்கம்
கௌண்டின்யா காட்டை ஒட்டின தோப்பு. கிளிமூக்கு பழுக்குற சமயம், நடு ராத்திரி. ஒத்தையா வந்த கொம்பன் முதல்ல கம்பியைத் தொடவே இல்ல. தந்தத்தால கல்காலை, அதான் வேலியோட கல்தூணை, நெட்டித் தள்ளுச்சு, தூண் சாஞ்சுது, கம்பி தொய்ஞ்சு போச்சு. ஒவ்வொரு காலா தூக்கி வச்சு உள்ள வந்துச்சு. கடைசி கால் தாண்டும்போது வால் நுனி கம்பியில பட்டுச்சு. சும்மா ஒரு உதறு, அவ்வளவுதான். வேலிக்கு ஷாக் அனுப்புற பெட்டி அப்பவும் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டுதான் இருந்துது. அப்புறம் எப்படி ஷாக் உறைக்கல?

வேலி மெக்கானிக், குடியாத்தம்
அண்ணா, பெட்டி அடிக்குதுங்கறதை வச்சு வேலி நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது. நொடிக்கு ஒரு தரம் போற அடி யானை உடம்பு வழியா மண்ணுக்கு இறங்கி, மண்ணுல அடிச்சிருக்கிற எர்த் கம்பி வழியாத்தான் பெட்டிக்குத் திரும்பணும். சித்திரை வைகாசியில நம்ம செம்மண் காய்ஞ்சா அந்த வழி அறுந்துடும். முக்காவாசி தோப்புல ஒரே ஒரு எர்த் கம்பி, அதுவும் ரெண்டு அடி ஆழம். துத்தநாகம் பூசின ஆறடி இரும்புக் கம்பி (ஜி.ஐ.) மூணு வேணும், பத்தடி இடைவெளி விட்டு முழுசா அடிச்சு, ஒன்னோட ஒன்னு இணைக்கணும். ஈரம் நிக்கிற இடமா, மோட்டார் கொட்டகைத் தண்ணி ஓடுற பக்கமா பார்த்து அடிங்க.

எர்த் போதுமான்னு பார்க்குற சோதனை இதுதான். பெட்டியில இருந்து நூறு மீட்டர் தள்ளி, கம்பியில இரும்பு ராடைச் சாத்தி மண்ணுல ஊனுங்க. வேலி வோல்ட் 2 கிலோவோல்ட்டுக்குக் கீழ இறங்குற வரைக்கும் ஒவ்வொரு ராடா சேருங்க. அப்புறம் எர்த் கம்பியில மீட்டர் வச்சா 0.3 கிலோவோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது. காட்டினா எர்த் பத்தல, இன்னும் ரெண்டு கம்பி அடிக்கணும். கம்பியில உரசுற புல்லும் கொடியும் கரண்டைத் தின்னும், அதை வெட்டிக்கிட்டே இருக்கணும்.

தந்தத்துல ஷாக் ஏறாது, யானைக்கு அது நல்லாத் தெரியும். அதனால கல்காலுக்கு முன்னாடி காட்டுப் பக்கமா ஒரு முழம் நீட்டி, இன்சுலேட்டர் போட்டு, ஒரு கம்பி தனியா இழுங்க. தூணைத் தொடுறதுக்கு முன்னாடி தும்பிக்கையோ நெத்தியோ அதுல படும்.

கரும்புக் கொல்லை
இவ்வளவு செலவு எதுக்கு? நாலு வெடி போட்டா ஓடிடப் போவுது.

காவல் கூட்டம், மோர்தானா பக்கம்
தம்பி, வெடி போட்டா யானை ஓடும், எங்க ஓடும்? காட்டுப் பக்கம் நின்னு போட்டா ஊருக்குள்ளதான் வரும். கூட்டத்துல குட்டி இருந்தா தாய் திரும்பி நிக்கும், அப்பதான் ஆள் சாவுறது. காடு பார்த்த பக்கத்தைத் திறந்து விட்டு, ஊர் பக்கம் நின்னு, டார்ச்சை முகத்துல அடிக்காம, சத்தம் கொடுத்துத்தான் நகர்த்தணும். இந்த யானைங்க 1980கள்ல ஓசூர் பக்கமிருந்து சித்தூர் காட்டுக்கு வந்த கூட்டத்தோட வம்சம். ஆந்திரா, தமிழ்நாடு எல்லை அதுங்களுக்குத் தெரியாது.

இன்னொன்னு. வேலி சரியில்லைன்னு வீட்டு லைனை நேரா கம்பியில கொக்கி போடுறவங்க இருக்காங்க. பெட்டி கொடுக்குறது கண்ணிமைக்கும் நேர அடி, அது தள்ளி விடும். 230 வோல்ட் பிடிச்சுக்கும். 2023 மார்ச்சுல மாரண்டஅள்ளி பக்கம் மூணு யானை அப்படித்தான் செத்துது, ரெண்டு குட்டிங்க தாயில்லாம நின்னுச்சு. ராத்திரி தண்ணி பாய்ச்ச வர்ற மனுஷனுக்கும் அதே கதிதான். சோலார் வேலியையும் தமிழ்நாட்டோட 2023 மின்வேலி விதிப்படி வனத்துறையில பதிஞ்சுதான் போடணும்.

ஆட்டுப்பட்டி
எங்க பக்கம் யானை இல்ல, சிறுத்தை. ஆறடி சுவர் அதுக்கு ஒரு தாவல். பட்டிக்கு மேல கம்பி வலைக் கூரை இல்லாட்டி உள்ள பூந்து, ஆடுங்க அலறி ஓட ஓட, தின்ன ஒன்னு போதும்னாலும் பலதை அடிச்சுப் போட்டுடும். கதவுக்குக் கீழ சந்து விடாதீங்க. செத்த ஆட்டை அப்புறப்படுத்தாம ரேஞ்சரையும் கால்நடை மருத்துவரையும் கூப்பிடுங்க, அவங்க பார்த்து எழுதினாத்தான் நிவாரணம் வரும்.

வேலி மெக்கானிக், குடியாத்தம்
மாந்தோப்பு அண்ணா, சாஞ்ச கல்காலை நிமிர்த்துறதுக்கு முன்னாடி எர்த்தை அளந்து பாருங்க. காலையில, தண்ணி ஊத்தாத மண்ணுல.