டோனா ஸ்ட்ரிக்லேண்ட் வரைவைத் திருப்பி அனுப்பியது தப்பா?

தூக்கணாங்குருவி:
ஆங்கில விக்கிப்பீடியா பற்றிப் பேச்சு எழுந்தாலே யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுகிறார்கள். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டோனா ஸ்ட்ரிக்லேண்ட், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளர். 2018 மார்ச்சில் ஒருவர் அவரைப் பற்றி விக்கிப் பக்கத்துக்கான வரைவு எழுதிப் போட்டார். மே மாதம் அதைச் சரிபார்த்த தன்னார்வலர், கொடுத்த சான்றுகள் போதாது என்று திருப்பிவிட்டார். அக்டோபர் 2-ஆம் தேதி அவருக்கு நோபல் அறிவிப்பு! இயற்பியலில் மேரி கியூரி (1903), மரியா கோப்பெர்ட் மேயர் (1963), அதற்கடுத்த பெண் இவர்தான். கூடப் பரிசு வாங்கிய ஜெரார் மூருவுக்கோ 2005-லேயே பக்கம் இருந்தது. இங்கே விக்கியில் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்களே, என்ன சொல்கிறீர்கள்?

சிவப்புப்பேனா:
திருப்பினது சரின்னுதான் சொல்வேன். வரைவைப் பார்க்கிறவர் "இவங்க பெரிய விஞ்ஞானியா"ன்னு தீர்ப்பு சொல்ல உட்காரல. இவரோட சம்பந்தமில்லாத யாராவது இவரைப் பற்றி விரிவா எழுதியிருக்காங்களான்னு பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த வரைவுல இருந்தது பெரும்பாலும் அவர் வேலை பார்க்கிற இடத்துப் பக்கமும் அவர் இருந்த சங்கத்துப் பக்கமும். தரகர் கொடுத்த ஜாதகத்தை மட்டும் நம்பிப் பொண்ணு கொடுப்பீங்களா? நோபல் வந்த அன்னிக்கு உலகப் பத்திரிகை எல்லாம் எழுதிச்சு, பக்கமும் அன்னிக்கே வந்துடுச்சு.

ஆய்வகத்து எலி:
அந்தப் பொது விதியை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. கல்வியாளர்களுக்கென்று அதே விக்கியில் தனி வழிகாட்டல் இருக்கிறது. பட்டியலில் ஒன்று பொருந்தினால் போதும். பெரிய அறிவியல் சங்கத்தின் தலைவர் பதவி அதில் ஒன்று. ஸ்ட்ரிக்லேண்ட் 2013-இல் ஆப்டிகல் சொசைட்டியின் தலைவர். ஒருவர் தலைவராக இருந்தார் என்ற வெறும் தகவலுக்குச் சங்கத்தின் சொந்தப் பக்கமே சான்றாகும். அதற்கு மேல் பத்திரிகைக் கட்டுரை எதற்கு?

இன்னொன்று. பரிசு எதற்கு? மிகக் குறுகிய லேசர் துடிப்பை அப்படியே பெருக்கினால் பெருக்கியே பழுதாகிவிடும். அதனால் முதலில் துடிப்பை நீட்டி, பிறகு பெருக்கி, கடைசியில் மறுபடி சுருக்குவது. இன்று கண் அறுவைக்குப் பயன்படும் லேசர் வரை இந்த உத்திதான். அந்த 1985 கட்டுரையை எடுத்துப் பாருங்கள்: முதல் பெயர் ஸ்ட்ரிக்லேண்ட், இரண்டாவது பெயர் மூரு. அப்போது அவர் ஆராய்ச்சி மாணவி, அதுதான் அவருடைய முதல் கட்டுரை. இரண்டாவது பெயருக்குப் பக்கம், முதல் பெயருக்குச் "சான்று போதாது".

சிவப்புப்பேனா:
மூரு பக்கத்தை நல்லாப் பார்த்து அனுமதிச்சாங்கன்னு யார் சொன்னா? 2005-ல யார் வேணும்னாலும் நேரா பக்கம் தொடங்கலாம், இவ்வளவு கெடுபிடி கிடையாது. அப்புறம், திருப்புறதும் நீக்குறதும் ஒண்ணில்லக்கா. சான்று சேர்த்து மறுபடி அனுப்பியிருக்கலாமே? மே முதல் அக்டோபர் வரை ஒருத்தரும் அந்த வரைவைத் தொட்டு அனுப்பல.

ஆய்வகத்து எலி:
புதிதாக வந்தவர் இரண்டு மாதம் காத்திருந்து, கடைசியில் ஒரு வார்ப்புருப் பெட்டியை, அதாவது எல்லோருக்கும் ஒட்டும் ஆயத்த அறிவிப்பை, பதிலாக வாங்கினால் திரும்பி வருவாரா? தனி வழிகாட்டலைத் தேடிக் காட்டியிருக்க வேண்டியவர் சரிபார்த்தவர்தான். 2018-இல் ஆங்கில விக்கியின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையது 18 விழுக்காடு அளவுதான்.

சிவப்புப்பேனா:
பத்திரிகை எழுதாததை நாங்க எங்கேர்ந்து எழுத? விக்கிமீடியா அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்புல அப்ப இருந்த கேத்தரின் மாரே சொன்னதும் கிட்டத்தட்ட இதான். பாரபட்சம் வெளியில இருக்கு, அதுதான் உள்ளேயும் வருது.

கரிசல்காரர்:
நீங்க ரெண்டு பேரும் லேசான கேஸைப் பிடிச்சுக்கிட்டு மல்லுக்கட்டுறீக. ஸ்ட்ரிக்லேண்டுக்கு நோபல் வந்துட்டு, சோலி முடிஞ்சுது. கிளாரிஸ் ஃபெல்ப்ஸ் கதைக்கு வாங்க. அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகத்துல வேதியியல் வேலை. 117-வது தனிமம் டென்னசின் உண்டாக்கணும்னா பெர்க்கீலியம் வேணும். அணு உலையில மாசக்கணக்கா வேகவெச்சு எடுத்த 22 மில்லிகிராமைச் சுத்தம் பண்ணி ரஷ்யாவுல டுப்னாவுக்கு அனுப்பணும், அதுவும் சட்டுன்னு, ஏன்னா 330 நாள் போனா பாதி காணாமப் போயிரும். அதைச் சுத்தம் பண்ணின குழுவுல இந்தப் பொண்ணு. 2018-ல ஜெஸ் வேட்னு லண்டன் இயற்பியலாளர் பக்கம் எழுதுனாக. 2019 பிப்ரவரியில நீக்கிட்டாக. மறுபடி எழுத, மறுபடி நீக்க, பேச்சுப் பக்கம் (கட்டுரையைப் பத்தி எழுதுறவுக விவாதம் பண்ற பக்கம்) பூரா சண்டை. 2020-லதான் நிலைச்சுது. இதுக்கு என்னய்யா சொல்லுதீக?

சிவப்புப்பேனா:
நானா இருந்தாலும் நீக்கத்துக்குத்தான் வாக்கு போட்டிருப்பேன். கண்டுபிடிப்பு அறிவிப்புகள்ல அவர் பெயர் இல்ல. இருந்த சான்றும் முக்காவாசி அவர் ஆய்வகமே வெளியிட்டது. குழுவுல இருந்த மத்தவங்களுக்குப் பக்கம் கிடையாதே?

ஆய்வகத்து எலி:
இதில் சிவப்புப்பேனா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 2018-இல் சான்று மெலிந்துதான் இருந்தது. ஆனால் சோதனைக்கூடத்தில் கையுறை மாட்டிப் பிரித்தெடுப்பவர் பெயர் கட்டுரையில் ஏறாமல் போவது எங்கள் துறையில் அன்றாடம் நடப்பது. அறிவிப்பில் பெயர் இல்லை என்பதையே அளவுகோலாக வைத்தால், விட்டுப்போனவர்கள் என்றைக்கும் விட்டுப்போனவர்கள்தான். இந்தச் சண்டை நடந்ததால்தான் வெளியே நிறையப் பேர் அவரைப் பற்றி எழுதினார்கள். அது சான்றானது, பக்கம் திரும்பியது. கேலிக்கூத்து இல்லையா?

தூக்கணாங்குருவி:
தமிழ் விக்கியில் இதெல்லாம் வருமா?

கரிசல்காரர்:
வராம? எங்க ஊர்ப் பக்கம் கூத்து வாத்தியார் ஒருத்தரு. சுத்துப்பட்டு பூரா அவரு சிஷ்யப்பிள்ளைகதான். அச்சுல வந்தது கோயில் கொடை நோட்டீஸு மட்டும். எழுதிப் போட்டேன், நீக்கல் வார்ப்புரு வந்து நிக்குது.

சிவப்புப்பேனா:
அண்ணாச்சி, நோட்டீஸ் சான்று ஆகாது. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடு எதுலயாவது அவர் பெயர் வருதான்னு பல்கலைக்கழக நூலகத்துல பாருங்க. ஒண்ணு கிடைச்சாலும் நானே வந்து வார்ப்புருவை எடுக்கச் சொல்லி எழுதுறேன்.

ஆய்வகத்து எலி:
ஆய்வேடு எழுதியவர் அதே வாத்தியாரின் மாணவராக இருந்தால், "தொடர்புடைய சான்று" என்று அதையும் தள்ளுவீர்களா?

சிவப்புப்பேனா:
முதல்ல கிடைக்கட்டும்க்கா. பேச்சுப் பக்கத்துல வெச்சுச் சண்டை போட்டுக்கலாம்.