ஸ்டுட்கார்ட் இன்டர்ன்ஷிப்: அறைக்குச் சம்பளச் சீட்டு, சம்பளத்துக்கு வங்கி, வங்கிக்கு அறை. எங்க தொடங்குறது?

கொட்டகலை_மழை
அண்ணாமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். ஒக்டோபர் 1 ஸ்டுட்கார்ட்ல ஆறு மாச இன்டர்ன்ஷிப் ஆரம்பம். விசா கிடைச்சாச்சு. செப்டெம்பர் 19 சனி ராத்திரி ஃப்ளைட், ஞாயிறு பகல் போய்ச் சேருவேன். அறைதான் அமையல. கம்பெனி சம்பளம் போட வங்கிக் கணக்கும் வரி இலக்கமும் கேட்குது. வங்கி பதிவு செஞ்ச முகவரி கேட்குது. வீட்டுக்காரங்க சம்பளச் சீட்டு கேட்குறாங்க.

இப்ப பாட் கான்ஷ்டாட்ல ஒரு தனி ஸ்டூடியோ பார்த்தேன், எல்லாம் சேர்த்து 380 யூரோ. வீட்டுக்காரம்மா போர்த்துக்கல்ல இருக்காங்களாம். 760 யூரோ முற்பணமும் பாஸ்போர்ட் கொப்பியும் அனுப்பினா சாவி கூரியர்ல வருமாம். அனுப்பலாமா?

இன்னும் ரெண்டு சந்தேகம். பாஸ்போர்ட்ல அப்பா பேர் முன்னாடி, என் பேர் பின்னாடி இருக்கு. பிறப்புச் சான்றிதழ்ல ஆங்கில எழுத்துக் கொஞ்சம் வேற. இது அங்க பிரச்சினையாகுமா? ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?

ராகலை_குளிர்
அனுப்பாதீங்க தங்கச்சி. வீட்டுக்காரர் வெளிநாட்டுல, சாவி கூரியர்ல, காசு முதல்ல: மூணும் ஒன்னா வந்தா அது ஏமாத்து வேலைதான். ஸ்டுட்கார்ட் வாடகைக்குத் தனி ஸ்டூடியோ 380க்கு வராது. பாஸ்போர்ட் கொப்பியும் குடுக்காதீங்க, அதை வச்சே உங்க பேர்ல அடுத்த பொய் விளம்பரம் போடுவாங்க.

முற்பணத்துக்கு அங்க பேர் கௌட்சியோன். சட்டப்படி மூணு மாச வெறும் வாடகைக்கு மேல கேட்க முடியாது. வெறும் வாடகைன்னா கால்ட்மீட்டெ, அதாவது ஹீட்டர், தண்ணி, குப்பைச் செலவு சேராதது. எல்லாம் சேர்த்தா வார்ம்மீட்டெ. அந்த முற்பணத்தையும் மூணு சம பங்கா மூணு மாசத்துல கட்ட உங்களுக்கு உரிமை இருக்கு. முதல் பங்கே குடியேறுற நேரத்துலதான் கட்டணும். முழுசையும் முன்னாடியே கேட்டா இதைச் சொல்லுங்க. நேர்மையான வீட்டுக்காரர் கோவிக்க மாட்டார்.

பண்டாரவளை_தபால்
மூணும் ஒன்னையொன்னு பிடிச்சிட்டு இருக்கிற மாதிரித் தெரியும், ஆனா முடிச்சு ஒரே இடத்துலதான் இருக்கு. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தர்ற ஒரு பக்கக் கடுதாசி, வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங். இன்னார் இந்தத் தேதியில இந்த முகவரிக்குக் குடிவந்தார்ங்கிறதுதான் அதுல இருக்கும். இது இல்லாம முகவரிப் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினாலும் இதுக்கு ஈடாகாது.

அதனால அறை தேடும்போது முதல் கேள்வி வாடகை இல்லை, "ஆன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்யலாமா?"ங்கிறதுதான். ஆறு மாசத்துக்கும் ஒரே அறை கிடைக்கணும்னு காத்திருக்க வேணாம். ஊருக்கோ வேற நாட்டுக்கோ போற மாணவர்கள் தங்கள் அறையை ரெண்டு மூணு மாசத்துக்கு விடுவாங்க, அதுக்குப் பேர் ஸ்விஷன்மீட்டெ. செமெஸ்டர் மாறுற செப்டெம்பர், ஒக்டோபர்ல அறை தேடுறவங்க கூட்டமும் அதிகம், அதனால ஒரு நாளைக்குப் பத்து செய்தியாவது அனுப்பணும். சம்பளச் சீட்டு கேட்டா கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டுங்க, மாசச் சம்பளம் அதுல இருக்கும். கம்பெனியோட மனிதவளப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்க. போன முறை வந்தவங்க விட்டுப் போற அறை பல நேரம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

குடியேறின நாள்லயிருந்து ரெண்டு கிழமைக்குள்ள பதிவு செய்யணும். பதிவு நடக்குற நகர அலுவலகம் ப்யூர்கர்ப்யூரோ, அங்க நேரம் லேசுல கிடைக்காது, அதனால அறை உறுதியானதும் இங்கயிருந்தே நேரம் எடுத்து வைங்க. நேரம் பிந்தித்தான் கிடைச்சா முன்பதிவு வந்த மின்னஞ்சலை அழிக்காதீங்க. போறப்ப பாஸ்போர்ட், விசா, அந்தக் கடுதாசி. பதிவு முடிஞ்சதும் தர்ற சான்றை மூணு கொப்பி எடுத்துக்கோங்க.

வங்கி விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துல சட்டப்படி தங்கியிருக்கிற யாருக்கும் அடிப்படைக் கணக்கு, பாசிஸ்கொண்டோ, திறக்க உரிமை உண்டு. பதிவுக்கு முன்னாடியே விண்ணப்பிக்கலாம். வேற ஐரோப்பிய ஒன்றிய நாட்டு ஐபான், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம், இருந்தாலும் ஜெர்மன் கம்பெனி அதுக்குச் சம்பளம் போட மறுக்கக் கூடாது.

கொட்டகலை_மழை
நன்றி அக்கா. ஃபொயர்பாக்ல ஒரு அறை பேசியிருக்கேன், 520 வார்ம். "இருக்கலாம், ஆனா பதிவு வேணாம், தபால்பெட்டியில பேரும் போட வேணாம்"ங்கிறாங்க. முதல் மாசத்துக்கு மட்டும் எடுத்தா என்ன?

பண்டாரவளை_தபால்
அந்த அறை வேணாம். தபால்பெட்டிதான் உங்களுக்கு உயிர். நம்ம தோட்டத்துல பேர் சரியா இல்லாட்டியும் தபால்காரர் விசாரிச்சு லயத்துக்கே கொண்டுவந்து குடுப்பார். அங்க வீட்டு இலக்கம் சரியா இருந்தாலும் பெட்டியில பேர் இல்லைன்னா கடிதம் திரும்பிப் போயிடும். பதிவு செஞ்சு ரெண்டு மூணு கிழமையில வர்ற வரி இலக்கம் தபால்லதான் வருது. வங்கி அட்டை ஒரு உறையில, அதோட பின் இலக்கம் வேற நாள்ல வேற உறையில. ஒன்னு தவறினா இன்னொன்னு உதவாது.

பேர் சிக்கலும் இதோட சேர்ந்ததுதான். பாஸ்போர்ட்ல "குடும்பப் பேர்" வரியில எது இருக்கோ அதைத்தான் அங்க உங்க பேரா எடுப்பாங்க. அது அப்பா பேரா இருந்தா எல்லாக் கடிதமும் அப்பா பேருக்குத்தான் வரும், அவரைக் கூப்பிடுற மாதிரி இருக்கும், பழகிரும். பெட்டியில ரெண்டு பேரையும் முழுசா, பாஸ்போர்ட்ல உள்ள அதே எழுத்துல ஒட்டுங்க. டிக்கெட், ஒப்பந்தம், வங்கி எல்லாத்துலயும் அதே எழுத்து. முகவரிப் பதிவுக்குக் கல்யாணம் ஆகாதவங்ககிட்ட பிறப்புச் சான்றிதழ் பொதுவாக் கேட்க மாட்டாங்க, அதனால அதுல எழுத்து மாறியிருக்கிறதுக்காக இப்ப பிரதேச செயலகத்துக்கு அலைய வேணாம்.

வரி இலக்கம் வரப் பிந்தினா பயப்படாதீங்க. தாமதம் உங்க தப்பு இல்லைன்னா கம்பெனி மூணு மாசம் வரைக்கும் இலக்கம் இல்லாமலே சாதாரண வரி வகுப்புல சம்பளம் போடலாம். இதைக் கேட்காம விட்டா அதிகமா வரி பிடிக்கிற ஆறாம் வரி வகுப்புல போட்டு, பாதிக் காசு பிடிச்ச மாதிரி ஆகிரும்.

நானுஓயா_வயர்மேன்
ரைஸ் குக்கர் தாராளமாக் கொண்டு போங்க. அங்கயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், மின்மாற்றி தேவையில்லை. மாறுறது ப்ளக் மட்டும். நம்ம 13 அம்பியர் சதுர மூணு கால் அங்க போகாது. அங்க ரெண்டு உருண்டைக் கால், எர்த் பக்கவாட்டுத் தகட்டுல தொடும்.

மலிவான பயண அடாப்டர் பலதுல அந்தத் தகடே இல்லை. ஃபோன் சார்ஜருக்கு அது பரவாயில்லை. குக்கர் தகர உடம்பு, எர்த் இல்லாம ஓட்டினா உள்ள வயர் தேஞ்சு உடம்புல பட்டதும் கையில ஷொக்தான். உங்க குக்கரோட வயர் கழற்றி மாட்டுற வகையான்னு பாருங்க. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போடுற அதே மூணு ஓட்டை வயரா இருந்தா அங்க கால்ட்கெரேட்டெகாபல்னு கேட்டு ஒன்னு வாங்கினாப் போதும், அடாப்டரே வேணாம்.

ராகலை_குளிர்
ஹீட்டர் பற்றி யாரும் சொல்லல. நுவரெலியாக் குளிர் பார்த்தவங்களுக்கு ஒக்டோபர் பெரிசா இல்லை, நம்ம ஸ்வெட்டரே போதும். டிசம்பர், ஜனவரிக்கு ஜாக்கெட் அங்கயே வாங்குங்க.

ரேடியேட்டர் திருகுல 1 முதல் 5 வரை இருக்கும். அது வேகம் இல்லை, அறை எவ்வளவு சூடாகணும்ங்கிற அளவு: 3ன்னா சுமார் 20 பாகை, 4ன்னா 24. குளிருதேன்னு 5ல வச்சா சீக்கிரம் சூடாகாது, 28 பாகை வரைக்கும் எரிஞ்சிட்டே இருக்கும், பில்தான் ஏறும். சோறு வடிக்கிற ஆவி, அறைக்குள்ள காயப்போட்ட உடுப்பு ரெண்டும் சேர்ந்தா குளிர்ச் சுவர்ல பூஞ்சணம் பிடிக்கும். ஜன்னலை நாள் முழுக்க ஒருக்களிச்சுத் திறந்து வச்சாலும் சுவர் குளிர்ந்து அதே பூஞ்சணம்தான். காலையும் மாலையும் ஐஞ்சு நிமிஷம் ஹீட்டரை மூடிட்டு, ஜன்னலை அகலத் திறந்துவிடுங்க. பூஞ்சணம் பிடிச்சா முற்பணத்துல கை வைப்பாங்க.

அந்த ஊர்ல இன்னொன்னு உண்டு, கேர்வோஹெ. உங்க கதவுல அந்தப் பலகை தொங்கினா அந்தக் கிழமை படிக்கட்டு கூட்டித் துடைக்கிறது உங்க முறை. பெரிய முறைன்னா வாசல் நடைபாதையும் சேரும். செஞ்சு முடிச்சதும் பலகையைப் பக்கத்து வீட்டுக் கதவுக்கு மாத்திடுங்க.

கொட்டகலை_மழை
ஃபொயர்பாக்கை விட்டுட்டேன். வைஹிங்கன்ல மூணு மாச ஸ்விஷன்மீட்டெ, மூணு பேர் இருக்கிற வீடு, பதிவுக் கடுதாசி தர்றதா எழுத்துல குடுத்திருக்காங்க. வீடியோல அறையும் தபால்பெட்டியும் காட்டினாங்க. கடைசியா: சூட்கேஸ்ல என்ன போடக் கூடாது, ஞாயிறு இறங்கினா என்ன செய்றது?

பண்டாரவளை_தபால்
பால்மா, நெய், இறைச்சி எதுவும் வேணாம், ஐரோப்பாவுக்குள்ள விடாது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான், காய வச்சுப் பொடியாக்கிக் கொண்டு போங்க. மாசிக்கருவாடு தடையில்லை. தேயிலை எடுத்துக்கோங்க, விமானத்துல வர்றவங்க கொண்டுவர்ற சாமான் 430 யூரோ பெறுமதி வரை தீர்வை இல்லை.

ஞாயிறு கடை பூட்டு, பெரிய ரயில் நிலையத்துலயும் விமான நிலையத்துலயும் மட்டும் ஏதாவது திறந்திருக்கும். முதல் ராத்திரிக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் கைப்பையில இருக்கட்டும். ஒக்டோபர் 3 பொது விடுமுறை, அன்னைக்கும் பூட்டுத்தான். முழு நாட்டு பஸ், ரயில் டிக்கெட் டொய்ச்லாண்ட்டிக்கெட் மாசம் 63 யூரோ, ஐசிஈ மாதிரி வேக ரயிலுக்குச் செல்லாது. அது சந்தா, நிறுத்துறதா இருந்தா மாசம் 10ஆம் தேதிக்குள்ள அறிவிக்கணும். பதிவு செஞ்ச கொஞ்ச நாள்ல வானொலிக் கட்டணம்னு கடிதம் வரும், மாசம் 18.36. அது வீட்டுக்கு ஒன்னுதான்; கூட இருக்கிறவங்க கட்டுறாங்கன்னா அவங்க கட்டண இலக்கத்தைக் குறிச்சு அனுப்புங்க, கடிதத்தைக் குப்பையில போடாதீங்க.

லங்கா சிம்முக்கு ரோமிங் இங்கயே போட்டுட்டுப் போங்க. உங்க வங்கியோட ஹட்டன் கிளையில சொல்லி வங்கி அட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்து விடுங்க. ஓடிபி செய்தி அந்த சிம்முக்குத்தான் வரும்.

ராகலை_குளிர்
மழை விழுந்தா ஹட்டன் – கித்துல்கல பாதையில மண் சரியும். சனி ராத்திரி ஃப்ளைட்னா வெள்ளிக்கிழமையே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்கிருங்க.